மூச்சுத் திணறலும் இருதயமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நம் செயலாளர் அவர்கள் சென்ற மாதம் என் இல்லத்துக்கு வந்து, "இவ்வாண்டு விழாவில் நீங்களும் சிறிது நேரம் பேச வேண்டும்" என்று பணித்தார்கள். இம்மேடையில் இலக்கியம் பேசியவர்களை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இசையின் நுட்பம் பேசியவர்களையும் கேட்டிருக்கிறீர்கள். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, கூட்ஸ் ஷெட்டில் ரசீது எழுதும் எழுத்தன். எதைப் பேசுவது என்று பல நாள் எண்ணிப் பார்த்தேன். கற்றுத் தெரிந்தது மிகக் குறைவு. பட்டுத் தெரிந்தது ஒன்று உண்டு. அதையே இங்குச் சொல்லத் துணிந்தேன். நான் மருத்துவன் அல்லன். ஆகவே இவ்வுரையை நம் காலனியில் வாழும் மருத்துவர் ஒருவரிடம் முன்னரே படித்துக் காட்டி, பிழைகளைத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

கையில் பட்டை கட்டி அளக்கும் இரத்த அழுத்தத்தை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் நுரையீரலுக்கென்று தனியே ஓர் இரத்த அழுத்தம் உண்டு. அது கையில் கட்டும் பட்டைக்கு அகப்படாது. அது உயர்ந்தால் மூச்சு முட்டும். அவ்வாறு அது உயர்வதற்குப் பெரும்பாலும் காரணம் நுரையீரல் அன்று, இருதயத்தின் இடப்பக்கமே. இத்தனையையும் நான் 2018ஆம் ஆண்டு வரை அறியேன். அறியாமையின் விலையை என் வீட்டில் ஒருவர் கொடுக்க நேர்ந்தது.

ஆஸ்துமா என்று எண்ணிய காலம்

என் மனைவியின் இசைவு பெற்றே இதனைக் கூறுகிறேன். 2016ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவளுக்கு வயது முப்பத்தாறு. சந்தைக்குப் போகும் வழியில் உள்ள நடைமேம்பாலத்தை நீங்கள் அறிவீர்கள். அதன் படிகளை நிற்காமல் ஏறி வந்தவள், அக்குளிர்காலத்தில் நடுவே ஒருமுறை நின்று ஏறத் தொடங்கினாள். மறு ஆண்டு இருமுறை நின்றாள். "இந்த ஊர்ப் பனி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்றாள். நானும் அவ்வாறே நம்பினேன். தஞ்சை மாவட்டத்து வெயிலில் வளர்ந்த உடல், நிலக்கரி வண்டிகள் ஓயாது ஓடும் இவ்வூரின் தூசியையும் வடக்கத்திக் குளிரையும் எப்படித் தாங்கும் என்று நானே பலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

தனியார் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். நெஞ்சில் இழுப்பு ஒலி கேட்கிறது, ஆஸ்துமா என்று சொல்லி, வாயால் உறிஞ்சும் மருந்து கொடுத்தார். ஓராண்டுக்கு மேல் அதையே உறிஞ்சினாள். இதற்கிடையில் இருமலில் சிறிது இரத்தம் கண்டது. காசநோயோ என்று அஞ்சி ஓடினோம். சளிச் சோதனையில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. கடவுளுக்கு நன்றி சொல்லி மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம். காசம் இல்லையென்றால் வேறு என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் செய்த தவறுகளுள் பெரியது அதுவே.

ஒரு தலையணையில் உறங்கியவளுக்கு இரண்டு வேண்டியிருந்தன, பிறகு மூன்று. நள்ளிரவில் திடுக்கிட்டு எழுந்து, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காலையில் கேட்டால், "ஒன்றுமில்லை, பழகிப் போயிற்று" என்பாள். அடுப்பில் உலை வைப்பதும் நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு உணவு கட்டிக் கொடுப்பதும் நிற்கவில்லை. ஆகவே நோய் பெரிதன்று என்று நான் கணக்கிட்டுக்கொண்டேன்.

2018ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஓர் இரவு, உட்கார்ந்தும் மூச்சு விட முடியாமல் தவித்தாள். இரயில்வே மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். இரவுப் பணியில் இருந்தவர் வயதில் இளைய மருத்துவர். முதலுதவி செய்து மூச்சு சற்று அடங்கிய பின்னர், அவளை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்பின் கீழ் வைத்துக் கண்களை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். பிறகு, "சிறு வயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா?" என்று வினவினார்.

"இல்லை" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவளோ, "உண்டு" என்றாள். ஒன்பதாம் வயதில், இன்று முழங்கால், நாளை கணுக்கால், மறுநாள் முழங்கை என்று வீக்கம் இடம் மாறி மாறி வந்ததாம். பாட்டி கஷாயம் கொடுத்தார்களாம். மூன்று வாரத்தில் சரியாகிவிட்டதாம். பதினான்கு ஆண்டு இல்லறத்தில் இச்செய்தி என் காதில் விழுந்ததில்லை. மறுநாள் எக்கோ சோதனை செய்தார்கள். இருதயத்தின் இடப்பக்கத்து வால்வு சுருங்கியிருந்தது. அதன் விளைவாக நுரையீரலின் இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்தது.

நெரிசல் ஓரிடம், கோளாறு வேறிடம்

நம்மிற் பலர் இரயில்வேயில் பணிபுரிபவர்கள். ஆகவே நமக்குத் தெரிந்த மொழியிலேயே இதனை விளக்க முயல்கிறேன்.

இருதயம் ஒன்று என்று சொல்கிறோம். உண்மையில் அது ஒட்டி நிற்கும் இரண்டு பம்புகள். உடலெங்கும் சுற்றிக் களைத்து வந்த இரத்தத்தை வலப்பக்கம் வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. நுரையீரலில் பிராணவாயு ஏற்றிக்கொண்ட இரத்தத்தை இடப்பக்கம் வாங்கி உடலெங்கும் அனுப்புகிறது. நாம் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் இவ்வாறு செல்கிறது. வலப்பக்கம் எவ்வளவு அனுப்புகிறதோ அவ்வளவையும் இடப்பக்கம் வாங்கி அனுப்பியாக வேண்டும்.

ஆனால் இரு பக்கத்துக்கும் வலிமை ஒன்றன்று. உச்சி முதல் உள்ளங்கால் வரை செலுத்த வேண்டியிருப்பதால் இடப்பக்கம் 120 என்னும் அழுத்தத்தில் வேலை செய்கிறது. பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு அனுப்ப வலப்பக்கத்துக்கு 25 போதும். துடிப்பின் ஏற்ற இறக்கங்களைச் சேர்த்துச் சராசரி பார்த்தால், நுரையீரல் தமனியில் ஏறத்தாழ 14தான். அந்தச் சராசரி 20க்கு மேற்பட்டால் அது நுரையீரல் உயர் அழுத்தம் என்று 2018ஆம் ஆண்டில் கூடிய உலக வல்லுநர்கள் வரையறுத்தார்கள். அதற்கு முன்னர் 25 என்பதே எல்லையாக இருந்தது.

இப்போது நம் யார்டுக்கு வாருங்கள். நிலக்கரி வண்டி புறப்படத் தயாராக நிற்கிறது. அடுத்த நிலையம் லைன் கிளியர் கொடுக்கவில்லை. வண்டி யார்டில் நிற்கும். அதன் பின்னால் வரும் வண்டி ஹோம் சிக்னலில் நிற்கும். அதற்கும் பின்னால் வருவது முந்திய நிலையத்தின் லூப் லைனில் நிற்கும். சரக்குக்குக் காத்திருக்கும் வியாபாரி என் மேசைக்கு வந்து, "உங்கள் யார்டு மிக மோசம்" என்று சினந்துகொள்வார். யார்டில் என்ன பிழை? தண்டவாளம் நன்றாக இருக்கிறது. எஞ்சின் நன்றாக இருக்கிறது. கோளாறு அடுத்த நிலையத்தில். நெரிசல் நம் யார்டில்.

நம் உடலில் நுரையீரலே அந்த யார்டு. இடப்பக்க இருதயமே அடுத்த நிலையம். அது வரும் இரத்தத்தை வாங்கிக்கொள்ள இயலாமற் போனால், நுரையீரலில் இரத்தம் தேங்குகிறது, அழுத்தம் உயர்கிறது, மெல்லிய குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றறைகளில் புகுகிறது. நோயாளிக்கு மூச்சு முட்டுகிறது. படுத்தால் கால்களில் தங்கியிருந்த இரத்தமும் மார்புக்குத் திரும்புவதால் நெரிசல் மிகுகிறது. தலையணை இரண்டு, மூன்று என்று ஏறுவது அதனாலேதான். நீர் கோத்த நுரையீரலில் ஆஸ்துமாவைப் போன்ற இழுப்பு ஒலியும் கேட்கும். ஆகவே பழி நுரையீரல்மீது விழுகிறது.

நுரையீரல் உயர் அழுத்தத்தை மருத்துவ உலகம் ஐந்து பிரிவாக வகுத்திருக்கிறது. இடப்பக்க இருதய நோயால் வருவது இரண்டாம் பிரிவு. ஐந்தனுள்ளும் மிகுதியாகக் காணப்படுவது இதுவே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெரிசல் சில நாளில் தீர்ந்தால் யார்டுக்குச் சேதமில்லை. பல்லாண்டு நீடித்தால்? நுரையீரலின் சிறு தமனிகள் முதலில் சுருங்குகின்றன. பிறகு அவற்றின் சுவர்களே தடிக்கின்றன. அப்போது முன்னே வால்வு ஒரு தடை, பின்னே தமனிகள் ஒரு தடை என்று இரண்டாகிவிடுகின்றன. மெல்லிய சுவருடைய வலப்பக்கம் இவ்விரு தடைகளையும் எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சோர்கிறது. கால் வீங்குகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, கல்லீரல் பெருக்கிறது, வயிற்றில் நீர் சேர்கிறது. முன்னேயுள்ள தடையை நீக்கினால், தேங்கியதால் வந்த அழுத்தம் உடனே இறங்கும். சுருங்கிய தமனிகள் சில மாதங்களில் இளகும். தடித்துப்போன சுவரோ முழுதும் பழைய நிலைக்கு வாராமற் போகலாம். காலம் தாழ்த்துவதில் உள்ள ஆபத்து இதுதான். இன்று தீரக்கூடியது, சில ஆண்டு கழித்துத் தீராததாகிவிடும்.

அளந்தறிந்த வரலாறு

உள்ளே இருக்கும் அழுத்தத்தை எப்படி அளக்கிறார்கள் என்று நான் வியந்ததுண்டு. 1929ஆம் ஆண்டில் செருமனி நாட்டில் வெர்னர் போர்ஸ்மன் என்னும் இளம் மருத்துவர், மெல்லிய குழாய் ஒன்றைத் தம் கை நரம்பின் வழியே தம் இருதயத்துக்குள்ளேயே செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று படம் எடுத்துக் காட்டினார். அன்று அவரைப் பாராட்டியவர் சிலரே. 1956ஆம் ஆண்டில், அவ்வழியை வளர்த்த குர்னான், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவரோடு அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1970ஆம் ஆண்டில் சுவான், கான்ஸ் என்னும் இருவர், நுனியில் சிறு பலூன் வைத்த குழாயைக் கொண்டுவந்தனர். பலூன் இரத்த ஓட்டத்தோடு மிதந்து சென்று நுரையீரலின் சிறு தமனி ஒன்றை அடைக்கும். அப்போது நுனியில் தெரியும் அழுத்தம் அப்பாலுள்ள இடது மேலறையின் அழுத்தத்தைக் காட்டும். அது 15க்கு மேற்பட்டால் தடை இடப்பக்கத்தில் என்று கொள்வார்கள். அடுத்த நிலையத்தின் நிலைமையை நம் நிலையத்துத் தொலைபேசியிலேயே கேட்டறிவது போன்றது இது.

எல்லோர்க்கும் குழாய் செலுத்த வேண்டுவதில்லை. முதலில் செய்வது எக்கோ சோதனை. சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் எட்லர் என்னும் மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்னும் இயற்பியலாரும் 1953ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் உள்ள விரிசலைக் காணும் கருவியை இரவல் வாங்கி, இருதயத்தின்மேல் வைத்துப் பார்த்தார்கள். நம் பொறியியல் பகுதி ஊழியர்கள் சிறு டிராலியைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்தில் விரிசல் தேடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு உள்ளிருப்பதை அறியும் முறை இரண்டுக்கும் ஒன்றே. அங்கே ஒலி நன்கு பதியத் தண்ணீர் விடுகிறார்கள். இங்கே மார்பில் ஒரு பசையைத் தடவுகிறார்கள். வலியில்லை, ஊசியில்லை, அரை மணி நேரமே ஆகும். இரண்டாண்டு நாங்கள் கேளாமல் விட்ட சோதனை இதுதான்.

தொண்டையில் தொடங்கி இருதயத்தில் முடிவது

என் மனைவியின் வால்வைச் சுருக்கியது வாதக் காய்ச்சல். ஐந்து வயது முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே இது பெரும்பாலும் வரும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டை புண்ணாகும். அது ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தோன்றும். கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காவற்படை, அடையாளம் தவறித் தன் மூட்டுகளையும் இருதயத்தையுமே தாக்குகிறது. மூட்டு வீக்கம் சுவடின்றி மறையும். இருதயத்தில் விழுந்த தழும்போ ஓசையின்றி ஆண்டுக்கணக்கில் வளரும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மிட்ரல் வால்வின் இதழ்கள் ஒட்டிக்கொள்கின்றன. 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய வாயில், 1 சதுர சென்டிமீட்டருக்கும் குறைந்துவிடுவதுண்டு. என் மனைவிக்கு 0.9 இருந்தது.

மேனாடுகளில் இச்சுருக்கம் முற்றப் பல்லாண்டுகள் ஆகும். நம் நாட்டில் இருபது வயதுக்குட்பட்டவர்களுக்கே முற்றிவிடுவதை, தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுஜாய் ராய் முதலிய மருத்துவர்கள் 1963ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துக்காட்டினார்கள். நெருக்கமான குடியிருப்பும், தொண்டைப்புண்ணைப் பொருட்படுத்தாத பழக்கமும், மருந்து எட்டாத வறுமையும் இந்நோய் நிலைப்பதற்கு வேர்கள்.

இவ்வேரை வெட்டும் வாள் மலிவானது. அது பெனிசிலின். அக்கிருமியால் வந்த தொண்டைப்புண்ணுக்கு ஒன்பது நாளுக்குள் மருந்து தொடங்கினால் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். ஒருமுறை வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசியைப் பல ஆண்டு தவறாமல் போட்டுவந்தால், நோய் மீண்டும் மீண்டும் வந்து வால்வை அரிப்பதைத் தடுக்கலாம். தொண்டை நோவு பெரும்பாலும் தானே தீரும் சாதாரண வகைதான். எது எவ்வகை என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது நம் வேலை.

சுருங்கிய வால்வை விரிக்கவும் வழியுண்டு. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெய்லி, ஹார்க்கன் என்பவர்களும், இங்கிலாந்தில் பிராக் என்பவரும் துடிக்கும் இருதயத்திலேயே வால்வை விரித்து வெற்றி கண்டனர். நம் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், தாங்கள் அவ்வாறு விரித்த 3,724 நோயாளிகளின் வரலாற்றை 1983ஆம் ஆண்டில் ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். தமிழ்நாட்டு மண்ணில் நடந்த இத்தொண்டினை நாம் பெருமையோடு நினைக்கலாம். இதற்கிடையில் சப்பான் நாட்டு மருத்துவர் கான்ஜி இனோவே, மார்பைத் திறவாமலே, தொடை நரம்பின் வழியாகப் பலூனைச் செலுத்தி வால்வை விரிக்கும் முறையை 1982ஆம் ஆண்டில் தொடங்கினார். வால்வு அதற்கு ஏற்றதாக இருந்தால் நம் நாட்டிலும் இன்று அம்முறையையே மேற்கொள்கிறார்கள்.

2018ஆம் ஆண்டு சூன் மாதத்தில் என் மனைவிக்கும் அம்முறையில் சிகிச்சை நடந்தது. 0.9 ஆக இருந்த வாயில் 1.7 ஆயிற்று. 72 ஆக இருந்த நுரையீரல் உச்ச அழுத்தம் இரண்டு நாளில் 46க்கு இறங்கியது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது 36 இருந்தது. முற்றும் இயல்பான அளவு அன்று. "இன்னும் இரண்டாண்டு கழித்து வந்திருந்தால், வால்வை விரித்தும் அழுத்தம் இந்த அளவு இறங்கியிராது" என்று மருத்துவர் சொன்னார். அச்சொல் என் நெஞ்சை விட்டு இன்றும் அகலவில்லை. முதல்நாள் இரவு அவள் ஒரே தலையணையில் உறங்கினாள். எனக்குத்தான் உறக்கம் வரவில்லை.

ஊசி இன்றும் தொடர்கிறது. ஆண்டுதோறும் எக்கோ பார்க்கிறோம். வால்வு மீண்டும் சுருங்கக்கூடும் என்பதையும் அறிந்தே இருக்கிறோம்.

முதியோர்க்கும் ஒரு சொல்

இஃது இளையோர் நோய், நமக்கென்ன என்று பெரியவர்கள் எண்ண வேண்டா. வால்வு நன்றாக இருந்தும் இதே நெரிசல் உண்டாகலாம். மாரடைப்பால் இடது கீழறை வலுவிழந்தாலும் உண்டாகும். பல்லாண்டு கவனிக்காமல் விட்ட இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, உடற்பருமன் ஆகியவற்றால் இடது கீழறையின் சுவர் விறைத்துப் போவதுண்டு. அது நன்றாகச் சுருங்கும். ஆனால் தளர்ந்து இரத்தத்தை ஏற்காது. "இருதயத்தின் சுருங்கும் ஆற்றல் சரியாக இருக்கிறது" என்ற சீட்டை வைத்துக்கொண்டு மூச்சு முட்டும் முதியோர் பலர். அச்சீட்டு பாதி உண்மையே. கொதிப்பைக் கட்டுப்படுத்துவதும், நீரைப் போக்கும் மருந்தும், அண்மைக் காலத்தில் வந்துள்ள புதிய மருந்துகள் சிலவும் இவர்களுக்குத் துணை.

உப்பைப் பற்றி ஒரு சொல். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அஃதாவது ஒரு தேக்கரண்டிக்குக் குறைவு. ஊரிலிருந்து யார் வந்தாலும் நமக்கு என்ன கொண்டுவருகிறார்கள்? மாவடு, நார்த்தங்காய், மோர்மிளகாய், வடாம், அப்பளம், கருவாடு! அயலூரில் வாழும் நமக்கு அவை உணவு மட்டும் அல்ல, ஊரின் நினைவு. அவற்றை அறவே விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொதிப்போ இருதய நோயோ உள்ளவர் இலையில் அவை அன்றாடம் விழ வேண்டா என்றுமட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மற்றொன்று. நுரையீரல் அழுத்தத்துக்கென்றே சில மாத்திரைகள் உண்டு. அவை பெரும்பாலும் வேறு பிரிவு நோய்க்கு உரியவை. ஒருவருக்குக் குணம் தந்தது என்று கேட்டு மற்றவர் வாங்கி உண்ணலாகாது. வால்வு நோய் திருத்தப்பட்ட பின்னும் நுரையீரல் அழுத்தம் மிஞ்சியிருந்த 200 பேரிடம் ஸ்பெயின் நாட்டில் சில்டெனாபில் என்னும் மாத்திரையைச் சோதித்தார்கள். முடிவு பின்னர் வெளியாயிற்று. மாத்திரை உண்டவர்கள், உண்ணாதவர்களைவிடத் துன்பமே மிகுதியாக அடைந்தார்கள். அடுத்த நிலையம் வண்டியை வாங்க இயலாத நிலையில், யார்டின் நுழைவாயிலை மட்டும் அகலமாக்கினால் என்ன ஆகும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

நாம் செய்யக்கூடியவை

திருவள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்து, நோயோடு நில்லாமல் அதன் முதற்காரணத்தையும் தேடச் சொல்லியிருக்கிறார். என் அனுபவத்தில் அதன் பொருள் மிக எளியது: "இது இல்லை" என்று ஒரு மருத்துவர் சொன்னால், "அப்படியானால் எது?" என்று பணிவோடு கேட்க வேண்டும்.

மூச்சு முட்டும் எல்லோர்க்கும் இருதய நோய் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்துமாவும் உண்டு, காசமும் உண்டு, அவற்றுக்குரிய மருந்தை யாரும் என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிட வேண்டா. ஆனால் சென்ற ஆண்டு ஏறிய படியை இவ்வாண்டு ஏற முடியவில்லையென்றால், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார நேர்ந்தால், மாலையில் கால் வீங்கினால், மருந்து உண்டும் குணமில்லையென்றால், இருதயத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நம் இரயில்வே குடும்பங்களுக்கு மருத்துவ அட்டை இருக்கிறது. பெட்டியில் பூட்டி வைப்பதற்கு அதனைக் கொடுக்கவில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சலோடு மூட்டு வீங்கினால், வளரும் வயதின் வலி என்று ஒதுக்காதீர்கள். கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. அதுவரை மறைந்திருந்த வால்வுச் சுருக்கம் அப்போதுதான் தலைகாட்டும். மகளையோ மருமகளையோ பேற்றுக்கு ஊருக்கு அனுப்பும் முன், சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டு, வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

தாய்மார்களே! உங்களிடம் ஒரு விண்ணப்பம். "பழகிப் போயிற்று" என்று சொல்லாதீர்கள். ஊரில் இருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்தே, "என்னடி, இப்படி இளைக்கிறாய்?" என்று கேட்கத் தாய் இருப்பார், அத்தை இருப்பார், பக்கத்து வீட்டுப் பாட்டி இருப்பார். இங்கே அவர்கள் இல்லை. அந்த இடத்தில் நாம் ஒருவர்க்கொருவர் இருந்தாக வேண்டும். என்னைக் கேட்டால், இத்தகைய சங்கம் இருப்பதன் முதற்பயன் அதுவே என்பேன். ஆடவர்களே! வேலை நிற்காமல் நடக்கிறது என்பது உடல்நலத்துக்குச் சான்று அன்று. இரவில் எத்தனை தலையணை என்று பாருங்கள்.

சற்று முன் இம்மேடையில் இறைவணக்கம் பாடிய மகளிர் குழுவில் இடமிருந்து இரண்டாவதாக நின்றவர் என் மனைவி. ஈரடியை ஒரே மூச்சில் பாடியதை நீங்கள் பாட்டாகக் கேட்டிருப்பீர்கள். நான் மூச்சாகக் கேட்டேன்.

 இக்குளிர்காலத்தில் நம் காலனியில் ஒரு வீட்டிலேனும் இவ்வினா எழுந்து, ஒருவரேனும் காலத்தில் மருத்துவரை அடைவாராயின் என் உரை பயன் பெற்றதாக மகிழ்வேன்.

வளர்க நம் சங்கம்! வாழ்க தமிழ்! வணக்கம்.